மண்மூட்டை இரண்டும் ஒரு பாய்வள்ளமும்

போன மாதம் கிளிநொச்சி மாவட்டத்து முழங்காவில் சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஒரு பெடியன் என்னிடம் போனை நீட்டினான். "அண்ணை, யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பக்கம் ஒரு வள்ளம் விலைக்கு நிக்குதாம். வடிவா பெயின்ற் அடிச்சு வச்சிருக்கினம், பாருங்கோ." பார்த்தேன். நீல உடம்பு, வெள்ளைக் கோடு, அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன் மூக்கில், ஒரு மாதா படம். பெயின்றின் பளபளப்பைப் பார்த்ததுமே எனக்கு வயிறு ஒருக்கால் புரண்டது. அவனை இருத்தி ஒரு மணித்தியாலம் கதைத்தேன். அதைத்தான் இதிலே எழுதுகிறேன். 2023இல் நான் வள்ளம் எடுக்கப் போனபோது இதை எனக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. சரியாகச் சொன்னால் சொல்லக்கூடிய ஆள் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தார், நான்தான் கேட்கவில்லை. அது பிறகு வரும்.

நான் தொழிலுக்கு மேசன். ஆனால் நாங்கள் பூநகரிக் கரைக்கு எதிரே கடலுக்குள் இருக்கிற இரணைதீவுச் சனம். 1992இல் சண்டையால் தீவை விட்டு எழும்பி வந்தபோது எனக்கு ஏழு வயது. அதற்குப் பிறகு வளர்ந்ததெல்லாம் இந்தக் கரையில், இரணைமாதாநகரில். 2018 ஏப்ரல் 23ஆம் திகதி எங்கட ஆட்கள் வள்ளங்களில் ஏறி, கடற்படை பிடித்து வைத்திருந்த தீவில் தாங்களாகவே போய் இறங்கிய கதை பலருக்குத் தெரியும். அண்டைக்கு நானும் போனேன். அப்பாவின் காணியில் நின்ற தென்னைகளில் எது எங்கட என்று அம்மாதான் கையைக் காட்டினா. அதிலிருந்து மாதம் இரண்டு தரமாவது தீவுக்குப் போய்வர வேண்டும் என்று ஆசை. ஆனால் வள்ளம் இல்லை, மற்றவர்களின் வள்ளத்தில் தொங்கித்தான் போக வேண்டும். 2022 ஓகஸ்டில் வள்ள எஞ்சினுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியது. அதோடு "வாறியா" என்று கூப்பிடுகிறவர்களும் குறைந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஏலாது. அப்போதுதான் எனக்குப் பாய் ஞாபகம் வந்தது. எஞ்சினும் எண்ணெயும் இல்லாத காலத்தில் அப்பா பாய் கட்டித்தான் ஓடினவர். நான் அவரின் மடியில் இருந்து அந்தப் பாய்க் கயிற்றைப் பிடித்திருக்கிறேன். "எனக்கும் அது இரத்தத்தில் இருக்கும்" என்று நம்பினேன். ஏழு வயதுப் பிள்ளை கயிற்றைப் பிடித்ததுக்கும் கடல் ஓடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று இப்போது கேட்டால் எனக்கே சிரிப்பு வருகிறது.

2023 மே மாதக் கடைசியில் மனைவியின் தம்பி ஒரு படத்தை அனுப்பினான். பதினெட்டு அடி பைபர் வள்ளம், எஞ்சின் இல்லை, பாய்மரமும் பாயும் சுக்கானும் சேர்த்து 280,000. ஊரையும் ஆளையும் இங்கே சொல்லப் போவதில்லை. குடாநாட்டில் கடல்நீரேரிப் பக்கம் ஒரு கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நானும் மச்சானும் பஸ் எடுத்துப் போனோம். அவனுக்கு போன் திருத்தத் தெரியும், வள்ளத்தைப் பற்றி என்னளவுகூடத் தெரியாது. விற்கிறவர் நல்ல மனிசன் மாதிரித்தான் கதைத்தார். மத்தியானம் நண்டுக் கறியோடு சாப்பாடு. பிறகு கரைக்குக் கூட்டிப்போனார். வள்ளம் தண்ணீரில் நின்றது, பெயின்ற் மணம்கூட இன்னும் போகவில்லை. நான் ஏறி, கையால் இரண்டு தட்டுத் தட்டினேன். வத்தகப்பழம் வாங்குகிறவன் தட்டுவானே, அப்படி. என்ன சத்தம் வர வேண்டும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் தலையை ஆட்டினேன். கடையாலில், அதாவது வள்ளத்தின் பின்பக்கத்தில், இரண்டு மண்மூட்டை கிடந்தது. "இது என்னத்துக்கு ஐயா?" என்று கேட்டேன். "பாய் ஓடுறதெண்டா பாரம் வேணும் தம்பி" என்றார். அப்பாவும் பாரம் வைத்து ஓடினது ஞாபகம். நம்பிவிட்டேன்.

அந்த இரண்டு மூட்டையையும் தூக்கிக் கரையில் போட்டிருந்தால் எனக்கு ஒன்றரை இலட்சம் மிஞ்சியிருக்கும். இந்த மாதிரி பைபர் வள்ளங்களில் அணியத்துக்குள் காற்று அடைத்த ஒரு பெட்டி இருக்கும், கவிழ்ந்தாலும் தாழாமல் மிதப்பதற்கு. அதில் வெடிப்பு விழுந்தால் உள்ளே கடல் தண்ணீர் இறங்கும், வெளியே தெரியாது. எங்கட வள்ளத்தின் பெட்டி பாதிக்கு மேல் தண்ணீர். முன்பக்கம் பாரமாகி மூக்குக் குத்தி நின்றிருக்க வேண்டும், அதை மறைக்கத்தான் பின்னால் மண். ஆகவே வள்ளத்தில் கிடக்கிற சாமான் எல்லாத்தையும், பலகை, வலை, கல், வாளி ஒன்று விடாமல் இறக்கிப்போட்டு, வெறும் வள்ளமாக அது தண்ணீரில் எப்படி நிற்கிறது என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். மூக்குக் குத்தினாலோ ஒரு பக்கம் சரிந்தாலோ ஏன் என்று கேளுங்கள். பெட்டிக்கு அடைப்பு இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். பிறகு கரையில் ஏற்றச் சொல்லுங்கள். தண்ணீரில் நிற்கிற வள்ளத்துக்குக் காசு கொடுக்கிறது, சீலை போர்த்த மாட்டுக்குக் காசு கொடுக்கிற மாதிரி.

கரையில் ஏற்றியதும் தட்ட வேண்டும், ஆனால் கையால் அல்ல. கத்திப் பிடியோ, ஐந்து ரூபாக் குத்தியோ எடுத்து அடிப்பக்கம் முழுக்க ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டு போனால் நல்ல பைபர் "டக் டக்" என்று வறண்ட சத்தம் தரும். படை பிரிந்த இடம், உள்ளே தண்ணீர் ஊறின இடம், மரம் உக்கின இடம் "பொத் பொத்" என்று ஊமைச் சத்தம் தரும். சத்தம் மாறுகிற இடத்தில் கரிக்கட்டியால் வட்டம் போடுங்கள். விற்கிறவருக்கு முகம் கறுக்கும், பரவாயில்லை. புதுப் பெயின்ற் அடித்த வள்ளத்தில் இன்னும் கவனம். பைபர் உடம்பின் மேற்தோலில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெடிப்பும், அம்மைக் கொப்புளம் மாதிரிப் பொங்கலும் இருந்தால் அது உள்ளே நடக்கிறதைச் சொல்லுகிற அடையாளம். பெயின்ற் அதையெல்லாம் மூடிவிடும். வெளிக்கு அடித்திருந்தாலும் உள்ளுக்கு, பலகைகளுக்குக் கீழே, அநேகமாக அடித்திருக்க மாட்டார்கள். ரோச் லைற் பிடித்துக்கொண்டு குனிந்து படுத்துப் பாருங்கள். நான் புதுச் சேட் போட்டுப் போனதால் படுக்கவில்லை. உண்மைக் காரணம் அதுதான்.

பாய்வள்ளத்தில் எல்லாத்தையும்விட முக்கியமான இடம் பாய்மரத்தின் கால். மரம் ஒரு குறுக்குப் பலகையின் ஓட்டைக்குள்ளால் இறங்கி, அடியில் ஒரு கட்டையில் போய் நிற்கும். காற்றின் பாரம் முழுக்க அந்த ஒரு கட்டைக்குத்தான். கட்டை மரத்தால் ஆனது, மேலே பைபர் போர்த்தியிருப்பார்கள். போர்வையில் ஒரு சின்ன வெடிப்பு விழுந்தால் மழைத்தண்ணீர் இறங்கி உள்ளே மரம் உக்கிக்கொண்டே போகும், வெளியில் பார்த்தால் சும்மா மினுங்கும். எங்கட கட்டையைப் பிறகு மாமா, அம்மாவின் அண்ணர், உளியால் குத்தியபோது தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பாய்மரத்தைத் தூக்கி எடுக்கச் சொல்லி, கூரான கத்தி நுனியால் கட்டையைக் குத்திப் பார்த்தால் இரண்டு நிமிச வேலை. எஞ்சின் பூட்டுகிற வள்ளமென்றால் கடையாலில் எஞ்சின் நிற்கிற பலகைக்கும் இதே வைத்தியம். அதைப் பிடித்து முழுப் பலத்தோடும் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், அசையக் கூடாது. பழைய ஆணி, போல்ட் ஓட்டைகளை யாராவது மெழுகாலோ பேஸ்ற்றாலோ அடைத்திருந்தால் அதற்குள்ளாலும் தண்ணீர் போயிருக்கும்.

பாயைப் பற்றி நீட்டத் தேவையில்லை. வெயிலில் கிடந்த சீலையை இரண்டு பெருவிரலாலும் இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கிழிகிற பாய் கையிலேயே கிழியட்டும். சுக்கான் கொளுவுகிற கொண்டிகளில் துரு இருக்கிறதா, ஆணி ஆடுகிறதா என்றும் பாருங்கள். இன்னொன்று, ஒரு இரவு. விற்கிறவர் சம்மதித்தால் முற்பணம் கொஞ்சம் கொடுத்துவிட்டு வள்ளத்தை ஒரு இரவு தண்ணீரில் விட்டு, விடிய வந்து உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று பாருங்கள். சம்மதிக்காவிட்டால் அதுவே பதில்.

கடதாசி விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனம் வேறு. எனக்குத் தந்தது பதிவின் போட்டோக்கொப்பி. அசல் எங்கே என்று கேட்டதற்கு "அலுவலகத்திலை குடுத்திருக்கு, எடுத்து அனுப்புறன்" என்றார். வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தபோதுதான் அது அவருடைய பெயரில் இல்லை, செத்துப்போன அவருடைய மாமனாரின் பெயரில் இருந்தது தெரிந்தது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின்படி வள்ளத்துக்குப் பதிவு வேண்டும், கை மாறினால் அதையும் பதிய வேண்டும். மரணச் சான்றிதழ், உரித்தாளிகளின் கையெழுத்து, இரண்டு பக்கத்துக் கடற்றொழில் பரிசோதகர்கள், இரண்டு பக்கத்துக் கடற்றொழிலாளர் சங்கக் கடிதம் என்று ஆறு தரம் யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் பஸ்ஸில் அலைந்தேன். காசு கொடுக்க முதல் அசலைக் கையில் வாங்கி, அதிலுள்ள எண்ணும் வள்ளத்தின் உடம்பில் எழுதியிருக்கிற எண்ணும் ஒன்றா, விற்கிறவரின் அடையாள அட்டையிலுள்ள பெயரும் அதிலுள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். மானியத்திலோ, ஏதாவது நிறுவனம் கொடுத்தோ வந்த வள்ளமென்றால் விற்கலாமா என்று அந்த ஊர்ச் சங்கத் தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். லீசிங் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

280,000 என்றதை 240,000க்குப் பேசி முடித்தேன். பெரிய வெற்றி மாதிரி இருந்தது. அந்தச் சந்தோசத்தில் இன்னொரு பிழை. லொறியில் ஏற்றிச் சங்குப்பிட்டிப் பாலத்தால் கொண்டுவர 28,000 கேட்டார்கள். "வள்ளம் கடலில் ஓடத்தானே, அதை ஏன் லொறியில் ஏத்துவான்?" என்று மச்சானிடம் சொன்னேன். அவன் முகத்தைப் பார்த்தால் லொறிக்குத்தான் விருப்பம், ஆனால் அத்தான் சொன்னால் மறுப்பானா. கடல்நீரேரியால் மண்டைதீவுப் பக்கம் வெளியேறி, பூநகரிப் பக்கத்துக் கல்முனை முனையைச் சுற்றி, பூநகரிக் கரையோரமாகத் தெற்கே கிராஞ்சி, வலைப்பாடு தாண்டினால் எங்கட ஊர். வரைபடத்தில் பார்த்தால் ஒரு விரல் நீளம்.

படத்தில் காற்று இல்லை. அது யூன் முதல் கிழமை, பொசன் போயா (பூரணை) முடிந்து நாலைந்து நாள். இந்தியப் பக்கம் ஏப்ரல் 15இல் இருந்து யூன் 14 வரை றோலர் (இழுவைப்படகு) தடை. ஆகவே இரவில் றோலர் தொல்லை இல்லை, இதுதான் நல்ல நேரம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்குச் சரி. ஆனால் சோளகம் தொடங்கிவிட்டது. சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும், நாங்கள் போகவேண்டியது தெற்கே. கிட்டத்தட்ட முகத்துக்கு நேரே காற்று. எஞ்சினுள்ளவனுக்கு அது அலைதான், பாய்க்காரனுக்கு அது சுவர். இந்த வள்ளங்களுக்கு அடியில் ஆழமாக இறங்குகிற ஏராக் கட்டை கிடையாது, எதிர்க்காற்றில் குறுக்கும் மறுக்குமாக ஓடினால் முன்னுக்குப் போவதைவிடப் பக்கமாக வழுக்கிப் போவதுதான் கூட. இதே வழியை மார்கழி, தையில் வாடைக்காற்றில் ஓடினால் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும். வாடை பெலத்து நிற்கிற நாளைத் தவிர்த்துவிட்டு வெளிக்கிட்டால் போதும். பங்குனி, சித்திரையில் காற்றே செத்திருக்கும், அப்போது யாராவது எஞ்சின்காரர் கட்டியிழுத்தால் சுகம். ஆகவே வாங்குகிற வள்ளம் எங்கே நிற்கிறது, உங்கட வீடு எந்தப் பக்கம், அந்த மாதத்தில் காற்று எங்கிருந்து என்று மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். வானொலியில் "காங்கேசன்துறையிலிருந்து மன்னார் ஊடாகப் புத்தளம் வரையான கடற்பரப்பில்" என்று வாசிப்பார்களே, அதைக் காதால் கேட்டிருக்கிறேன், மனதால் கேட்டதில்லை. மணிக்கு முப்பது நாற்பது கிலோமீற்றர் என்று சொன்னால் சின்னப் பாய்வள்ளம் கரையில் நிற்க வேண்டிய நாள்.

வெளிக்கிட்டது காலை எட்டரைக்கு. தேத்தண்ணி, கைகுலுக்கல், போட்டோ என்று நேரம் போய்விட்டது. சோளகம் பின்னிரவில்தான் கொஞ்சம் தணியும், பத்து மணிக்குப் பிறகு ஏறத் தொடங்கும். கடல்நீரேரிக்குள் நல்லாத்தான் ஓடியது. மீன் மறிக்க நட்டிருந்த சிறகுவலைத் தடிகளை விலத்திக்கொண்டு போனோம். மச்சான் வீடியோ எடுத்தான். நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் போல் இருக்கப் பார்த்தேன். மண்டைதீவுக்கு அங்கால் கடற்படைப் படகு மறித்து அடையாள அட்டையும் கடதாசியும் கேட்டது, காட்டினோம், விட்டார்கள். எங்களிடம் உயிர்காப்பு அங்கி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதையும் நான் குந்தியிருக்க மெத்தையாக வைத்திருந்தேன். அதை மச்சானுக்குப் போடச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஒரு சொல்லுக்கு இன்றைக்கும் நன்றி.

பன்னிரண்டு மணியளவில் கல்முனை முனைக்கு வெளியே எட்டிப் பார்த்தோம். பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். அதனால் அங்கே அலை நீளமாக உருண்டு வராது, குட்டையாக, நெருக்கமாக, செங்குத்தாக வரும். ஒன்றில் ஏறி இறங்க முதல் அடுத்தது முகத்தில். மூக்குப் பாரமான வள்ளம் அலையில் ஏறாமல் அதற்குள் குத்தியது. மூன்றாவது தரம் பாய் மாற்றும்போது காலுக்குக் கீழே "கிறீச்" என்று ஒரு சத்தம். பாய்மரம் ஒரு சாண் முன்னுக்குச் சாய்ந்தது. குனிந்து பார்த்தால் கட்டையின் பக்கத்தில் வெடிப்பு. அதற்குள்ளால் தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு அலைக்கும் நூல் தடிப்பானது. "அத்தான், தண்ணி!" என்றான். தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்டின பெயின்ற் வாளியால் அவன் இறைக்க, நான் பாயை இறக்கப் போனேன். கயிறு கப்பியில் இறுகி இறங்கவில்லை. இழுத்த இழுவையில் பாய் மேலிருந்து கீழே கிழிந்தது. கிழிந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. இல்லாவிட்டால் மரம் போயிருக்கும், அடியும் பிளந்திருக்கும்.

பயத்தைப் பற்றி ஆண்பிள்ளைகள் எழுதுவதில்லை. நான் அழுதேன். சத்தமாக இல்லை, ஆனால் அழுதேன். மச்சானுக்குக் கலியாணம் பேசி வைத்திருந்த நேரம். அவன் அக்காவிடம் போய் என்ன சொல்லுவேன் என்பதுதான் தலைக்குள் ஓடியது. சத்தியமாக வள்ளமோ காசோ ஞாபகத்துக்கு வரவில்லை. மண்மூட்டைகளைத் தூக்கிக் கடலில் போட்டேன், பாரம் குறையட்டும் என்று. போட்டதும் மூக்கு இன்னும் தாழ்ந்தது. அந்த நிமிசத்தில்தான் விளங்கியது மூட்டை எதற்கென்று. உடனே நானும் கடையாலில் போய்க் குந்தினேன், மண்மூட்டைக்குப் பதிலாக.

காற்றோடு திரும்பினால் வள்ளம் கேட்கும் என்று மட்டும் தெரிந்தது. கிழிந்த பாயின் மிச்சத்தைக் கட்டி, சவள் துடுப்பால் தாங்கித் தாங்கி முனையைச் சுற்றி மண்ணித்தலை மணல்திட்டின் உட்பக்கத்துக்கு வந்தோம். மணல்திட்டு காற்றை மறித்ததால் அங்கே தண்ணீர் அடங்கி நின்றது. இடுப்பளவு தண்ணீரில் குதித்துத் தள்ளிக் கரையேற்றும்போது மூன்றரை மணி. இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: வெளிக்கிட முதலே, காற்று மாறினால் எங்கே ஒதுங்கலாம் என்று வழியில் இரண்டு இடமாவது பேசி வைத்திருங்கள். எங்களுக்கு அது அதிர்ஷ்டத்தில் கிடைத்தது. மச்சானின் போன் சேட் பையிலிருந்து எப்போதோ விழுந்துவிட்டது. என்னுடையது சோற்றுப் பாசலோடு பொலித்தீனில் சுத்தியிருந்ததால் தப்பியது. வீட்டில் ஒருவருக்கும் நாங்கள் கடலால் வருகிறோம் என்றே சொல்லவில்லை, வந்து இறங்கி ஆச்சரியப்படுத்தலாம் என்று. நாங்கள் அங்கே மூழ்கியிருந்தால் எங்கே தேடுவது என்றுகூட ஒருவருக்கும் தெரிந்திருக்காது. புறப்படுகிற கரையிலும் சேருகிற கரையிலும் ஒவ்வொரு ஆளிடம், இத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறோம், இத்தனை மணிக்குள் வராவிட்டால் தேடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளிக்கிடுங்கள்.

அன்றிரவு மணலில் கிடந்தோம். வெடிப்புக்குள் சேட் துணியைக் கிழித்துச் சவர்க்காரத்தோடு பிசைந்து அடைத்தோம். அதைச் சொல்லித்தந்தது நண்டு வலை எடுக்க வந்த ஒரு ஐயா. அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பாணும் சம்பலும் தந்துவிட்டு, "ரண்டு மணிக்கு வெளிக்கிடுங்கோ, காத்து அப்ப படுக்கும், வெயில் ஏற முதல் கரை பிடியுங்கோ" என்று மட்டும் சொன்னார். அப்படியே செய்தோம். பின்னிரவில் காற்றுத் தணிந்து கச்சானாக, மேற்குக் காற்றாக, திரும்பியிருந்தது, பக்கக் காற்று. கிழிந்த பாயை மடித்துக் கட்டிய சின்னத் துண்டிலேயே மெதுவாக ஓடினோம். கிராஞ்சிக்குக் கிட்ட வரும்போது இன்னும் இருட்டு. கடலட்டைப் பண்ணைக் கம்புகளுக்குள் போய் மாட்டிக்கொண்டோம். இருட்டில் ஒரு கம்பு விலாவில் உரசிப் பெயின்றை நீளமாக உரித்தது. விடிந்ததும் பார்த்தால் நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே சிவப்பு, அதற்கும் கீழே சாம்பல் பேஸ்ற். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரவில் கரையோரம் ஓடுவதென்றால் பண்ணைகளும் சிறகுவலைகளும் எங்கே என்று தெரிந்த ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். தெரியாவிட்டால் விடியும்வரை நங்கூரம் போட்டுவிட்டு இருப்பது நல்லது.

ஒன்பது மணிக்குச் சோளகம் திரும்பவும் ஏறியது. அதற்கு மேல் விளையாட வேண்டாம் என்று போனை எடுத்து மாமாவுக்கு அடித்தேன். அம்மாவின் அண்ணர், எழுபத்தி மூன்று வயது, எங்கட வீட்டுக்குப் பின்வளவில் இருப்பவர், அந்த நாளில் அப்பாவோடு பாய் ஓடினவர். ஏசுவார் என்று பயந்தேன். "எவடத்திலை நிக்கிறாய்? நங்கூரத்தைப் போட்டிட்டு இரு" என்றார், அவ்வளவுதான். பத்தரைக்கு ஒரு எஞ்சின் வள்ளத்தில் வந்து கட்டியிழுத்தார்கள். கட்டியிழுக்கும்போது கயிற்றை அணியத்து வளையத்தில் கட்ட வேண்டாம், பாய்மரப் பலகையைச் சுற்றிக் கட்டு, நீ கடையாலில் இரு, சுக்கானை நேராகப் பிடி என்று கத்திக்கொண்டே வந்தார். வளையத்தில் கட்டியிருந்தால் அது அணியத்தையே பிய்த்துக்கொண்டு போயிருக்கும் என்பது பிறகு அதைக் கழற்றியபோது தெரிந்தது.

கரையில் ஏற்றி வைத்துவிட்டு மாமா கத்திப் பிடியால் தட்டத் தொடங்கினார். அணியத்திலிருந்து கடையால் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. டக், டக், பொத், பொத், டக். இருபத்தொரு இடத்தில் கரியால் வட்டம். கடைசியில் அணியப் பெட்டியில் ஒரு துளை போட்டார். தண்ணீர் வரத் தொடங்கியது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் சுற்றி நின்று சிரித்தார்கள். அப்போதுதான் கேட்டார்: "ஏன்ரா என்னைக் கூட்டிக்கொண்டு போகேல்லை?" பதில் சொல்லவில்லை. பதில் தெரிந்திருந்தது. வள்ளம் பார்க்கத் தெரியாதவன் என்று அவருக்கு முன்னால் நிற்க வெட்கம்.

திருத்த வேலை அவசரப்படக் கூடாது என்பதை அவர்தான் பிடித்து வைத்தார். ஈரமான பைபரின் மேல் றெசின் ஒட்டாது. துளைகளைத் திறந்து, கவிழ்த்து வைத்து, மூன்று கிழமை வெயிலில் காய விட்டோம். வெடிப்பை மட்டும் அடைத்தால் அது பக்கத்தில் திரும்ப வெடிக்கும். கிரைண்டரால் வெடிப்பைச் சுற்றி அகலமாக, கிண்ணம் மாதிரிச் சரிவாகத் தேய்த்துவிட்டுச் சின்னத் துண்டிலிருந்து பெரிய துண்டு வரை படைபடையாக மற் (பைபர் நார் விரிப்பு) வைக்க வேண்டும். றெசின் ஒரு கிலோவுக்கு, அதை இறுக வைக்கிற ஹாட்னர் இருபது மில்லிக்கு மேல் வேண்டாம். எங்கட வெயிலுக்கு அதிலும் குறைத்துப் போடாவிட்டால் வாளிக்குள்ளேயே கல்லாகிவிடும். எனக்கு இரண்டு வாளி அப்படிப் போனது. தேய்க்கும்போது மூக்கு, கண் இரண்டையும் மூடுங்கள். பைபர் தூசு ஒரு கிழமைக்கு உடம்பில் அரிக்கும்.

கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். வள்ளம் 240,000. பைபர் சாமானும் கூலியும் 46,000. பாய்மரக் கட்டையும் பலகையும் 9,000. புதுப் பாய் 18,500. கட்டியிழுத்த வள்ளத்துக்கு எண்ணெயும் கைக்காசும் 7,500. மச்சானின் போன் 32,000, அதை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். கடதாசிக்கு அலைந்தது 6,000. பதினொரு நாள் மேசன் வேலை விட்டது, நாளுக்கு 3,500 படி 38,500. எல்லாம் சேர்த்து 397,500. லொறிக் காசு 28,000ஐ மிச்சம் பிடிக்க வெளிக்கிட்டவனின் கணக்கு இது. விற்றவரிடம் போய்ச் சண்டை பிடிக்கச் சொல்லி மச்சான் நின்றான். பிடித்து என்ன செய்வது, எழுத்தில் "உள்ளபடியே பார்த்து வாங்கினேன்" என்று நான்தானே கையெழுத்து வைத்தது. அந்த வரியை வாசிக்காமல் வைத்தேன் என்பதும் உண்மை.

வள்ளம் இப்போது நன்றாக ஓடுகிறது, அதையும் சொல்ல வேண்டும். தை மாதம் மாமாவோடு தீவுக்குப் போனேன். அவர் அணியத்தில் குந்தியிருந்து ஒரு வார்த்தை பேசாமல் கையால் மட்டும் இடம், வலம் காட்டினார். நான் பிழை விட்டபோது கையைக் காட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையில் வைத்தார். செபமாலை மாதா கோயில் தெரிந்ததும் பாயை இறக்கச் சொன்னார், இந்தமுறை கயிறு இறங்கியது.

திருத்தி முடிந்து ஒரு மாதமிருக்கும், விற்றவர் போன் எடுத்தார். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, என்னத்தையாவது சொல்லி மன்னிப்புக் கேட்கப் போகிறாராக்கும் என்று. "தம்பி, நங்கூரத்திலை கட்டியிருந்த கயிறு என்ரை, மறந்து விட்டிட்டன், அது புதுசு. அனுப்பிவிடுவீங்களே?" என்றார். சுத்தமான கயிறு, ஒரு இழைகூடப் பிரியவில்லை. முழங்காவிலில் யாழ்ப்பாண பஸ்ஸில் போட்டுவிட்டேன். பாசல் கூலி 200 ரூபா. மேலே சொன்ன கணக்கில் அது சேரவில்லை.